வரைபடத்தில் அந்தப் பக்கம் ஏன் வீடே இல்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம். 2004-இல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. முதலில் சாலைகள்தான் அதன் கவலை. இன்று அதில் ஐம்பது கோடிக்கும் மேற்பட்ட கட்டடங்கள் இருக்கின்றன. சில ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் நானும் கட்டடம் வரைந்துவருகிறேன். புதிதாக வருபவர்கள் கேட்பது சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. ஓர் ஊரில் கார் நிறுத்தும் கொட்டகைகூட விடாமல் வரைந்திருக்கிறது, இன்னோர் இடத்தில் லட்சம் பேர் வாழும் நகரமே வெள்ளையாகக் கிடக்கிறது. இது எப்படி? அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகளும் பதில்களும் இங்கே.

வரைபடத்தில் 'கட்டடம்' என்றால் உண்மையில் என்ன?

மூடிய ஒரு கோடு, அவ்வளவுதான். செயற்கைக்கோள் படத்தில் தெரியும் கூரையைச் சுற்றிப் புள்ளிகள் வைத்து, தொடங்கிய இடத்திலேயே முடித்து, அதற்கு 'பில்டிங்=யெஸ்' என்று ஒரு குறி ஒட்டுகிறோம். நடுவில் முற்றம் இருந்தால் கொஞ்சம் கூடுதல் வேலை. எத்தனை மாடி, ஓடா தகரமா, வீடா பள்ளியா என்பதெல்லாம் தெரிந்தவர் பிறகு சேர்ப்பது. பெரும்பாலான கட்டடங்களுக்கு அந்த 'பிறகு' வருவதே இல்லை.

உலகம் முழுவதும் எவ்வளவு நிரம்பியிருக்கிறது?

ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று செய்த ஓர் ஆய்வு 2023-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்தது. உலகின் 13,189 நகரப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, இருக்க வேண்டிய கட்டடங்களில் எவ்வளவு வரையப்பட்டிருக்கிறது என்று மதிப்பிட்டார்கள். 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பியவை 1,848 நகரங்கள். உலக நகர மக்களில் 16 சதவீதம் பேர் அங்கே வாழ்கிறார்கள். 20 சதவீதம்கூட எட்டாதவை 9,163. அங்கே வாழ்பவர்கள் 48 சதவீதம். நடுத்தரமாக நிரம்பிய ஊர்கள் குறைவு. ஒன்று ஏறக்குறைய முழுசு, இல்லையென்றால் ஏறக்குறைய சூனியம்.

இது நகரங்களின் கணக்கு மட்டும் என்பதை மறக்க வேண்டாம். கிராமங்கள் இந்தத் தராசில் ஏறவே இல்லை.

ஆனால் சாலைகள் எல்லா இடத்திலும் இருக்கிறதே?

ஆமாம், சாலைகளின் நிலை வேறு. 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, உலகச் சாலைகளில் 83 சதவீதம் இந்த வரைபடத்தில் அப்போதே இருப்பதாகக் கணக்கிட்டது. காரணம் எளிது. ஒரு தெருவை ஒரே கோட்டில் இழுத்துவிடலாம். அந்தத் தெருவில் உள்ள வீடுகளை வரைய நூறு முறை கை நகர வேண்டும். வழி தேடுபவருக்கும் தெரு போதும். அதனால் கட்டடம் எப்போதும் இரண்டாவது பந்தி.

இடைவெளிக்குக் காரணம் பணக்கார நாடு, ஏழை நாடு என்பதுதானே?

பாதிதான் சரி. அது மட்டும்தான் என்றால் அமெரிக்கா எப்போதோ நிரம்பியிருக்க வேண்டும். சில பெருநகரங்களை விட்டுவிட்டால் பல ஆண்டுகளுக்கு அங்கேயும் பெரிய பெரிய வெற்றிடங்கள்தான் இருந்தன. ஒரு நாட்டில் கட்டடங்கள் எப்படி வந்து சேர்ந்தன என்று தனித்தனியாகப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

முதல் வழி, அரசாங்கம் தன் பதிவேட்டைத் திறந்துவிடுவது. பிரான்ஸில் நிலவரி வரைபடத்திலிருந்து தன்னார்வலர்கள் ஊர் ஊராகக் கட்டடங்களை எடுத்து ஏற்றினார்கள். நெதர்லாந்தில் அரசின் கட்டட, முகவரிப் பதிவேடு 2014 வாக்கில் உள்ளே வந்தது. நியூயார்க் நகரம் தன் தரவைத் திறந்ததும் சுமார் பத்து லட்சம் கட்டடங்கள் சேர்ந்தன. இங்கெல்லாம் வரைபடம் நிரம்பியதற்குத் தன்னார்வலர்களின் உழைப்பு ஒரு காரணம்; அதைவிடப் பெரிய காரணம் யாரோ ஓர் அலுவலகத்தில் நூறு ஆண்டுகளாகச் செய்துவைத்த நில அளவை. அப்படியொரு பதிவேடு இல்லாத நாட்டிலும், இருந்தும் பூட்டிவைத்திருக்கும் நாட்டிலும் ஒவ்வொரு கூரையையும் கையால்தான் வரைய வேண்டும்.

இரண்டாவது வழி, உள்ளூர்க்காரர்களின் பிடிவாதம். ஓர் ஊரில் இரண்டு மூன்று பேர் மட்டும் விடாமல் உட்கார்ந்தால் அந்த ஊர் மட்டும் பளிச்சென்று இருக்கும், பக்கத்து ஊர் இருட்டாக இருக்கும். இதற்கு நேரம் வேண்டும், கணினி வேண்டும், இணையம் வேண்டும். ஏழ்மை இங்கேதான் உள்ளே வருகிறது.

மூன்றாவது வழியைச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது: பேரிடர். 2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது அதன் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்குப் பயன்படுகிற மாதிரி ஒரு வரைபடம் கிடையாது. நிறுவனங்கள் செயற்கைக்கோள் படங்களைத் திறந்துவிட, உலகின் பல மூலைகளிலிருந்து நூற்றுக்கணக்கானோர் சில வாரங்களில் அந்த நகரத்தை வரைந்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து அதே ஆண்டு உருவானதுதான் ஹாட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மனிதநேய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் குழு. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா, 2015-இல் நேபாள நிலநடுக்கம், 2023-இல் துருக்கி–சிரியா நிலநடுக்கம் என்று ஒவ்வொரு துயரத்துக்குப் பிறகும் வரைபடத்தில் ஒரு திட்டு நிரம்பியது. உலக வரைபடத்தில் ஏழை நாடுகளுக்கு நடுவே அடர்த்தியான ஒரு புள்ளியைக் கண்டால், அங்கே என்ன நடந்தது என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றும்.

நேபாளத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே காத்மாண்டு லிவிங் லேப்ஸ் என்ற உள்ளூர்க் குழு நிலநடுக்கத்துக்கு முன்பே பள்ளத்தாக்கின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் வரைந்து வைத்திருந்தது. அதனால் வெளியிலிருந்து உதவ வந்தவர்கள் வெற்றுத்தாளில் தொடங்க வேண்டியிருக்கவில்லை. பேரிடருக்கு முன்பே வரைந்து வைப்போம் என்ற இதே எண்ணத்தில்தான் 2014-இல் செஞ்சிலுவைச் சங்கங்களும், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும், ஹாட் குழுவும் சேர்ந்து 'மிஸ்ஸிங் மேப்ஸ்' திட்டத்தைத் தொடங்கின.

சட்டமும் ஒரு காரணம். சீனாவில் அனுமதி இல்லாமல் தனியார் நில அளவை செய்வது குற்றம். அங்கே உள்ள வெற்றிடத்தை ஆர்வக்குறைவு என்று சொல்ல முடியாது.

இத்தனை உதவிக்குப் பிறகும் இடைவெளி அடைபடவில்லையா?

குறைந்திருக்கிறது, அடைபடவில்லை. 2021-இல் வந்த இன்னோர் ஆய்வின்படி மனிதநேயத் திட்டங்கள் மட்டும் 6 கோடியே 5 லட்சம் கட்டடங்களைச் சேர்த்திருந்தன. அதன் பிறகும், ஆயுள், கல்வி, வருமானத்தை வைத்து நாடுகளை வரிசைப்படுத்தும் மனித வளர்ச்சிக் குறியீட்டில் நடுத்தர, கீழ்நிலை நாடுகளின் பங்கு மொத்தக் கட்டடங்களில் 28 சதவீதம்தான். உலக மக்களில் 46 சதவீதம் பேர் அங்கேதான் வாழ்கிறார்கள்.

ஓரிடத்தில் கத்தியால் வெட்டியதுபோல் கட்டடங்கள் நின்றுவிடுகின்றன. ஆறோ மலையோ எதுவும் இல்லை. ஏன்?

அது பூமியில் இருக்கும் கோடு இல்லை, வேலையில் விழுந்த கோடு. மூன்று விதமாக விழும். ஒரு மாவட்டத்தின் அரசுத் தரவு மட்டும் ஏற்றப்பட்டிருந்தால் மாவட்ட எல்லையில் கட்டடம் நின்றுவிடும். தெளிவான செயற்கைக்கோள் படம் ஓரிடத்தில் முடிந்து மங்கலான படம் தொடங்கினால் அங்கே நின்றுவிடும். மூன்றாவது, சதுரங்கள்.

ஹாட் குழுவின் டாஸ்கிங் மேனேஜர் என்ற தளம் ஒரு பெரிய பரப்பைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்துத் தரும். ஒருவர் ஒரு சதுரத்தை எடுத்து வரைந்து 'முடிந்தது' என்று குறிப்பார், இன்னொருவர் சரிபார்ப்பார். திட்டம் பாதியில் நின்றால் வரைபடம் சதுரங்கப் பலகை மாதிரி ஆகிவிடும்.

எந்தச் சதுரங்கள் மிஞ்சும் என்று கவனித்திருக்கிறீர்களா? புதிதாக வருபவர் ஒரு சதுரத்தைத் திறக்கிறார். வயலும் நாலு வீடும் இருந்தால் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போகிறார். தகரக் கூரைகள் ஒன்றோடொன்று ஒட்டி, எது எங்கே முடிகிறது என்றே தெரியாத நெரிசல் குடியிருப்பு என்றால் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார். நானும் அப்படி மூடியிருக்கிறேன், பொய் சொல்வானேன். ஒரு திட்டத்தில் ஒரே சதுரத்தை மூன்று முறை திறந்து மூன்று முறையும் விட்டுவிட்டேன். அதன் வரலாற்றைப் பார்த்தால் எனக்கு முன்பே பத்துப் பேர் அதையே செய்திருந்தார்கள். ஆக, திட்டத்தின் கடைசியில் காலியாக நிற்பது ஆள் நடமாட்டமே இல்லாத காடு இல்லை. ஆட்கள் மிக அதிகமாக வாழும் சதுரம்.

அப்படியென்றால், வெள்ளையாக இருந்தால் அங்கே வீடு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் 'இங்கே கட்டடம் இருக்கிறது' என்று சொல்ல வழி உண்டு. 'நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன், இங்கே கட்டடம் இல்லை' என்று சொல்ல வழி கிடையாது. பார்த்து இல்லாததும் பார்க்காமல் விட்டதும் ஒரே வெள்ளைதான். டாஸ்கிங் மேனேஜரில் ஒரு காலிச் சதுரத்தை 'முடிந்தது' என்று குறிக்கலாம். ஆனால் அந்தத் தகவல் அந்தத் தளத்திலேயே தங்கிவிடும். வரைபடத்தை இறக்கிப் பயன்படுத்துபவர் கையில் போய்ச் சேராது.

சந்தேகம் வந்தால் சோதிக்கச் சில வழிகள் இருக்கின்றன. தெருக்கள் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன, ஒரு கட்டடமும் இல்லை என்றால் அது பெரும்பாலும் விடுபட்டதுதான். பள்ளிக்கூடமும் கிணறும் மட்டும் புள்ளிகளாக இருந்தாலும் அப்படியே. ஐரோப்பிய ஆணையம் செயற்கைக்கோள் படங்களிலிருந்து தயாரித்து வெளியிடும் உலகக் குடியிருப்புப் படலம் ஒன்று இருக்கிறது. அதை மேலே போட்டுப் பார்த்தால் குடியிருப்பு எங்கே, வரைந்தது எங்கே என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். ஹைடெல்பெர்க் குழுவின் 'ஓசம்' கருவியில் ஒரு பகுதியின் கட்டட எண்ணிக்கை ஆண்டுவாரியாக எப்படி ஏறியது என்று பார்க்கலாம். ஏறி ஏறிக் கடைசியில் சமதளமாக ஓடினால் பெரும்பாலும் நிரம்பிவிட்டது என்று பொருள். ஆனால் யாரும் வராமல் நின்றுபோன இடத்திலும் கோடு சமதளமாகத்தான் ஓடும். அதனால் அதை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள்.

சரி, இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

மலேரியாவுக்கு வீட்டுச் சுவரில் மருந்து அடிக்கும் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை வீடு, எத்தனை ஆள், எவ்வளவு மருந்து என்ற கணக்கெல்லாம் கட்டட எண்ணிக்கையில் தொடங்குகிறது. தடுப்பூசிக்கும் அதேதான். வெள்ள அபாயக் கணக்கில், தண்ணீர் ஏறும் பரப்புக்குள் எத்தனை கட்டடம் விழுகிறது என்று எண்ணுவார்கள்.

முழுக்க வெறுமையான வரைபடம் அவ்வளவு ஆபத்தானதில்லை. யாரும் அதை நம்ப மாட்டார்கள். பாதி வரைந்ததுதான் ஆபத்து. ஆற்றின் ஒரு கரை முழுதாக வரையப்பட்டு மறு கரை பத்தில் ஒரு பங்கு மட்டும் வரையப்பட்டிருந்தால், மறு கரை பாதுகாப்பானது என்று கணக்கு சொல்லும். அட்டவணையில் எண் வந்து உட்கார்ந்த பிறகு அது எந்தக் கரையிலிருந்து எப்படி வந்தது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கூகுளும் மைக்ரோசாஃப்டும் கணினியை வைத்தே உலகத்தை வரைந்துவிட்டன. இனி கையால் வரைவது வீண் வேலை இல்லையா?

அவை செய்திருப்பது சின்ன விஷயம் இல்லை. மைக்ரோசாஃப்ட் 2018-இல் அமெரிக்காவுக்கு மட்டும் சுமார் 12.5 கோடிக் கட்டடங்களை வெளியிட்டது; பிறகு உலகின் பல பகுதிகளுக்கும் விரிந்தது. கூகுள் 2021-இல் ஆப்பிரிக்காவில் தொடங்கி, 2023-க்குள் தெற்காசியா, தென்கிழக்காசியா, லத்தீன் அமெரிக்கா எல்லாம் சேர்த்து 180 கோடிக் கட்டடங்களைத் தந்தது. வெற்றிடம் அதிகமாக இருந்த பகுதிகளிலிருந்தே கூகுள் தொடங்கியது நல்ல விஷயம் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் கணினி தடுமாறும் இடங்களும் நாம் தடுமாறும் இடங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். மண் கூரை மண்ணோடு கலந்துவிடும். மரத்தடி வீடு தெரியாது. வரிசை வீடுகள் பத்தும் ஒரே நீளக் கட்டடமாகிவிடும். பெரிய பாறை வீடாகிவிடும். கூகுள் ஒவ்வொரு கட்டடத்துக்கும் எவ்வளவு உறுதி என்று ஒரு மதிப்பெண் போட்டுத் தருகிறது. அந்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

இந்தத் தரவுகளின் உரிமம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு ஒத்துப்போகிறது. இருந்தாலும் மொத்தமாகக் கொட்டக் கூடாது என்பது விதி. உள்ளூர் வரைவோரிடம் கேட்டு, திட்டத்தை எழுதிவைத்து, தனிக் கணக்கில்தான் ஏற்ற வேண்டும். ரேப்பிட் என்ற திருத்தக் கருவியில் கணினி வரைந்த கட்டடம் ஒரு யோசனையாக வந்து நிற்கும்; ஒவ்வொன்றாகப் பார்த்து நாம் 'சேர்' என்று சொல்ல வேண்டும். வேகமாகச் 'சேர், சேர்' என்று அழுத்திக்கொண்டே போனால் அதற்கு ஆள் தேவையில்லை.

எல்லாவற்றையும் சேர்த்துக் கலந்த தரவு வேண்டும் என்றால் ஓவர்சர் மேப்ஸ் அறக்கட்டளையைப் பாருங்கள். அமேசான், மெட்டா, மைக்ரோசாஃப்ட், டாம்டாம் சேர்ந்து 2022 டிசம்பரில் தொடங்கியது. தன்னார்வலர் வரைந்ததையும் கணினி வரைந்ததையும் ஒன்றாக்கித் தருகிறது, எது எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு.

கூகுள் மேப்ஸைத் திறந்துவைத்து, அதைப் பார்த்து வரைந்தால்?

கூடாது. திறந்துவிட்ட கட்டடத் தரவு வேறு, கூகுள் மேப்ஸ் படம் வேறு. பிந்தையதிலிருந்து எடுத்தது தெரிந்தால் நீங்கள் வரைந்தது அத்தனையும் நீக்கப்படும். மைக்ரோசாஃப்டின் பிங் செயற்கைக்கோள் படம் முதல் பல படங்களுக்கு முறையான அனுமதி இருக்கிறது. கருவிக்குள்ளேயே அவை வரும்.

அந்த ஊரைப் பார்த்தே இராதவர் அந்த ஊரை வரையலாமா?

கூரையின் வடிவத்தை வரையலாம். அதற்குமேல் போகும்போதுதான் வினை. ஆரம்பத்தில் ஒரு வறண்ட நிலப்பகுதியில் வரிசையாக இருபது முப்பது வட்டக் குடிசைகளை வரைந்து வைத்தேன். சரிபார்த்தவர் அன்பாகத்தான் எழுதியிருந்தார்: அவை வைக்கோல் போர்கள். நிழலை உற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் எண்ணிக்கையில் குறியாக இருந்தேன்.

வடிவம் எங்கிருந்தும் வரலாம், பொருள் உள்ளூரிலிருந்துதான் வர வேண்டும். கென்யத் தலைநகர் நைரோபியின் கிபேரா லட்சக்கணக்கானோர் நெருங்கி வாழும் குடியிருப்பு. 2009 வரை வரைபடங்களில் வெறும் வெற்றிடம். அந்த ஆண்டு அங்கேயே வாழும் இளைஞர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு நடந்து நடந்து அதை வரைந்தார்கள். தண்ணீர் எங்கே கிடைக்கும், மருந்தகம் எது, கழிப்பறை எங்கே என்பதெல்லாம் உள்ளே வந்தது. தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் 'ரமானி ஹுரியா' திட்டத்தில் மாணவர்களும் உள்ளூர் மக்களும் சேர்ந்து வெள்ளம் ஏறும் பகுதிகளை வரைந்தார்கள். எந்த வாய்க்கால் எந்த வீட்டுப் பக்கம் பொங்கும் என்பது செயற்கைக்கோளுக்குத் தெரியாது.

ஊரில் இருப்பவர் என்றால் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆண்ட்ராய்டு செயலி போதும். நடந்துகொண்டே 'இந்தக் கட்டடம் என்ன வகை? எத்தனை மாடி?' என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம்.

என் கட்டடங்கள் எல்லாம் பத்து மீட்டர் தள்ளி நிற்கின்றன. ஏன்?

படம் நகர்ந்திருக்கும். மலைப்பகுதியில் இது சகஜம். ஜி.பி.எஸ். தடங்களோடு ஒப்பிட்டுப் படத்தை நகர்த்திவிட்டுத் தொடங்குங்கள். உயரமான கட்டடம் என்றால் கூரை சாய்ந்து தெரியும். கூரையை வரைந்துவிட்டு, மொத்தத்தையும் இழுத்து அடித்தளத்தில் வையுங்கள்.

ஒருமுறை முழுதாக நிரம்பிவிட்டால் வேலை முடிந்ததா?

இல்லை, கட்டடங்கள் இடிக்கப்படுகின்றன, புதிதாக எழுகின்றன. நெதர்லாந்தில் பதிவேடு மாற மாற வரைபடத்தையும் புதுப்பிக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு பேரிடரின்போது ஒரே வாரத்தில் வரையப்பட்ட ஊருக்கு அப்படி யாரும் இல்லை. நிலநடுக்கத்தில் விழுந்த வீடு பத்து ஆண்டுகள் கழித்தும் வரைபடத்தில் நின்றுகொண்டிருக்கும். இந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் அங்கே வெள்ளை இல்லை. வரைபடம் நிரம்பித்தான் இருக்கிறது, பழைய ஊரால்.

எனக்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். எங்கே தொடங்குவது?

கைப்பேசி மட்டும்தான் என்றால் மேப்ஸ்வைப். படத்தைப் பார்த்து வீடு இருக்கிறதா இல்லையா என்று தட்டினால் போதும். எங்கே வரைய வேண்டும் என்று அது மற்றவர்களுக்குக் காட்டும். கணினி இருந்தால் டாஸ்கிங் மேனேஜரில் தொடக்கநிலைத் திட்டம் ஒன்றை எடுத்து, உலாவியிலேயே ஓடும் ஐடி எடிட்டரில் வரையுங்கள். வரைந்ததும் க்யூ விசையை அழுத்தினால் மூலைகள் செங்கோணமாகும். வட்டக் குடிசைக்கு ஓ விசை. நிறைய வரையத் தொடங்கிய பிறகு ஜோசம் மென்பொருளுக்கு மாறலாம், கட்டடம் வரைய அதில் தனிச் செருகுநிரலே இருக்கிறது.

நெரிசலான சதுரம் வந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் ஒரே மணி நேரத்தில் முடிக்கவும் பார்க்க வேண்டாம். சதுரத்தை நாலாகப் பிரிக்க ஒரு பொத்தான் இருக்கிறது, அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாதியில் எழுந்து போக வேண்டியிருந்தால் வரைந்ததைச் சேமித்துவிட்டு, எதுவரை வந்தீர்கள் என்று குறிப்பில் எழுதி, சதுரத்தை 'முடியவில்லை' என்றே விட்டுவிடுங்கள். 'முடிந்தது' என்று குறித்துவிட்டால் அடுத்தவர் அதை வரையத் திறக்க மாட்டார்.